ஓடையை மறித்த ஞாயிறு

அந்த ஓடையை மறித்துவிட்டுத் திறக்காமல் போனவர் யார் என்று கேட்டால், நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் என் மாமாவைத்தான் சொல்வார்கள். போன மாதம் ஹட்டன் சந்தையில் உங்களில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு நிறுத்திப் பழைய கதை பேசினாள். "ஒங்க மாமா ஒரே நாள்ல தொரையோட நாத்தையெல்லாம் ஆத்தோட அனுப்புனாரே" என்று சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். எல்லோருக்கும் ஒரே கதைதான் சொல்லப்பட்டது. எனக்கு மட்டும் அதன் மற்றப் பாதியும் தெரியும். அதை நடந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் சபையின் வழக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நம்மில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தவர்கள் தாங்களே கேட்டு வந்து, எல்லோர் முன்னாலும் பாவத்தை அறிக்கையிட்டு, தண்ணீருக்குள் முழுகி எழவேண்டும். டவுன் சபைக்கு அதற்கென்று சிமெந்துத் தொட்டி இருந்தது. நமக்கு இருந்தது கோயிலுக்குப் பின்னால் இறங்கும் ஓடை. அதில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடும். அதனால் முழுக்கு நாளுக்கு முதல்நாள் ஆண்கள் கூடி, சாக்குகளில் மண் நிரப்பி, உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை முட்டுக்கொடுத்து, ஓடையை மறிப்பார்கள். விடிவதற்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர் நிற்கும். ஆராதனை முடிந்ததும் மேல் சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரை மெதுவாக விட்டுவிட வேண்டும். ஓடைக்குக் கீழேதான் தோட்டத்தின் புது நாற்றுப் பாத்திகள் இருந்தன.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். கங்காணி; சபைக்கு மூப்பர். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வீட்டில் அவர் ஏற்படுத்தியிருந்த ஒரு முறையை மட்டும் நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். சாயங்கால ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அடுத்தவர் பெயர் வாயில் வரக்கூடாது. "நீ செஞ்சத மட்டும் சொல்லு. மத்தவங்க செஞ்சத அவங்க சொல்லுவாங்க" என்பார். விளக்குச் சிம்னி உடைந்த அன்று தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் என் பங்கை மட்டும் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அப்பா தானும் சொல்வார். ஒரு நாள், கவ்வாத்துக் கத்தியைத் தொலைத்த கிழவர் ஒருவரை எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் பெரட்டில், அதே எல்லோர் முன்னாலும், அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு கங்காணி அப்படிச் செய்ததை நம் மலையில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. மேல் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தார். மாசியில் காமன் கூத்து வந்தால் அவருக்குத் தூக்கமே இருக்காது. தப்பு மேளம் அவர் கையில் இருந்தால் எவன் காலும் தரையில் நிற்காது என்பார்கள். அவரை ஆண்டவரிடம் கொண்டுவர அப்பா பல வருஷம் பாடுபட்டார். மாமா அவசரப்படவில்லை. "ஏன் மச்சான், ஒரு மனுசன் குளிக்கிறதுக்கு இத்தன பாட்டா?" என்று கேட்டு அம்மாவைச் சிரிக்க வைப்பார். பிறகு அவருடைய கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது அப்பா மூன்று மைல் சுமந்துகொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். அது பிழைத்தது. அடுத்த மாசியில் மாமா தப்பைத் தொடவில்லை. "மச்சான் சாமிய நம்புறேனோ இல்லியோ, மச்சான நம்புறேன்" என்று அத்தையிடம் சொன்னாராம்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு முழுக்கு நாளாயிற்று. மாமாவும் அத்தையும் மட்டும்தான் முழுகுகிறவர்கள். ஓடையை மறிக்கத் தோட்டத்தின் அனுமதி வேண்டும். அப்பா தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போகவில்லை, கண்டாக்கையாவிடம் கேட்டார். கண்டாக்கையா, மலை வேலைகளைப் பார்க்கிறவர், பாத்திகளைப் போட்டவரும் அவர்தான். மத்தியானத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். அப்பா, "என் பொறுப்புங்க ஐயா" என்றார். நான் அப்போது அப்பாவின் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஞாயிறு காலை வெயில் நன்றாக இருந்தது. ஈரச் சாக்கின் வாசனை, மிதிபட்ட புல்லின் வாசனை, சவுக்கு மரத்தின் இலைகள் தண்ணீரில் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கியது, எல்லாம் இன்னும் மனதில் இருக்கிறது. அத்தைக்கு மாவுச் சாக்குத் துணியை வெளுத்து அம்மா ஒரு வெள்ளைச் சட்டை தைத்திருந்தாள். எத்தனை வெளுத்தும் முதுகில் நீல எழுத்தின் நிழல் போகவில்லை. கண்டியிலிருந்து ரயிலில் வந்திருந்த போதகர் முதலில் இறங்கினார். மாமா இறங்கும்போது குளிரில் "ஆத்தாடி" என்றார். கரையில் சிரிப்பு எழுந்தது, போதகரும் சிரித்தார். முழுகி எழுந்த மாமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அத்தை கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

நனைந்த வேட்டியோடு மாமா அப்பாவிடம் வந்தார். நான் துண்டுகளை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். அவர்கள் பேசியதை எழுத்துக்கு எழுத்து சொல்ல முடியும்.

"மச்சான், கையோட சாக்க எடுத்து விட்டுரவா? எப்படியும் நனைஞ்சுதான நிக்கிறேன்."

"கர்த்தருடைய நாளு மச்சான். முழுகி எந்திரிச்ச அன்னிக்கே மம்பட்டி எடுக்கிறதா? நீங்க போய்ச் சாப்புடுங்க. நாளைக்கிப் பெரட்டுக்கு முன்ன நான் தொறந்துக்கிறேன்."

போதகர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் அதைக் கேட்கவேண்டும் என்றே அப்பா கொஞ்சம் உரக்கச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். ஓய்வுநாளில் சாக்குத் தூக்குவது பாவமா என்று யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. கண்டாக்கையாவுக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு மறந்தும் போகவில்லை. ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று எண்ணிவிட்டார்.

கோயிலில் சோறும் ஆட்டுக்கறியும். பீங்கான் கோப்பைகளில் தேத்தண்ணி. போதகரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா றொசல்ல ஸ்டேஷன்வரை அவரை வழியனுப்பப் போனார். அவர் வளைவு தாண்டிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மலை உச்சி கறுத்தது. சித்திரை மாதத்து மழையை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வரும்போதே இடியோடு வரும். மாமா முதல் இடிக்கே எழுந்து எங்கள் வீட்டு வாசலில் இருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அணை போய்விட்டது. நின்றிருந்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாக இறங்கிப் பாத்திகளை வழித்துக்கொண்டு போயின. நிழலுக்குப் போட்டிருந்த கீற்றுகளும் பலகைகளும் பாலத்தில் போய்க் குவிந்தன. காவல்காரன் குடிசையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, உடைந்த அணைக்குப் பக்கத்தில் மம்பட்டியோடு நின்ற ஒரே ஆள் மாமா.

நான் இப்போது தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஆராய்ச்சித் தோட்டத்தில் நாற்றுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓடைக் கரையில் வரப்பில்லாமல் பாத்தி போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அணை இல்லாவிட்டாலும் அந்தப் பருவத்து மழையில் பாதிப் பாத்தியாவது போயிருக்கும். அது கண்டாக்கையாவின் பிழை. தனியே நிற்கும் பிழை. அதைக் கொண்டு அப்பாவின் பங்கைக் கழித்துவிட முடியாது. நான் கழித்துப் பார்க்காமலில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் மாமாவை வீட்டுக்கு அழைத்துவந்து அப்பா பக்கத்தில் உட்கார வைத்தார். மழை விடவில்லை. அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். காம்பரா முழுக்கப் புகை. நானும் தம்பியும் சாக்குக் கட்டிலில் இருந்தோம்; எங்களை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

காவல்காரன் மாமாவைப் பார்த்ததைத் தொரையிடம் சொல்லிவிட்டான் என்று அப்பா சொன்னார். தொரை காலையில் பெரட்டில் கேட்பார். தன் பேரைச் சொன்னால் கங்காணி வேலை போகும், கண்டாக்கையா மாட்டிக்கொள்வார், கோயிலைப் பூட்டிவிடுவார்கள். மாமா சபைக்குப் புது ஆள். தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் தொரை ரெண்டு ஏச்சோடு விட்டுவிடுவார்.

"அதுக்கு மேல நான் பேசிக்கிறேன். ஒங்களுக்காக தொரைகிட்ட நான் கேக்குறேன்."

மாமா தலையிலிருந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார்.

"நான் தொறக்கவான்னு கேட்டேனே மச்சான்."

"கேட்டீங்க."

"இப்ப நாந்தான் மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிராதா? இன்னிக்குத்தான முழுகி வந்தேன்."

அப்பாவின் பதில் பிரசங்கக் குரலில் வந்தது. "ஆண்டவரு தான் செய்யாதத சுமந்தாரு மச்சான். ஒங்களுக்கு மொத நாளே அந்தப் பாக்கியம் கெடச்சிருக்கு."

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீ என்ன சொல்ற?"

அம்மா ஊதுகுழலைக் கீழே வைக்கவில்லை. "ஒன் மச்சான் எப்பவும் சரியாத்தான் சொல்லுவாரு" என்றாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நானும் நம்பினேன். கிழவரிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் சொல்கிறார் என்றால் அதில் நமக்குப் புரியாத ஏதோ இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் தம்பியை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் விடப் போனபோது பெரட்டுக்களத்தைப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். மூடுபனி முழுதும் கலையவில்லை. தொரை குதிரைச் சாட்டைபோல் ஒரு பிரம்பை வைத்திருப்பார். அன்று அதைக்கூடக் கொண்டுவரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"யாரு தண்ணி கட்டினது?"

மாமா ஓரடி முன்னால் வந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "நாந்தாங்க. தொறக்க மறந்துட்டேங்க."

தொரை அப்பா பக்கம் திரும்பினார். "கங்காணி, ஒனக்குத் தெரியுமா?"

இங்கேதான் அப்பா மாமாவுக்காகக் கேட்கவேண்டும். சபைக்குப் புது ஆள், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவேண்டும். முதல்நாள் புகைக்குள் உட்கார்ந்து சொல்லியிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க தொரை."

மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கண்டாக்கையா மலையைப் பார்த்தார். தொரை கிளாக்கரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். அது வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு என்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேர் வெட்டப்பட்டவனுக்கு லயத்துக் காம்பராவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன பேதுருவின் கதையைப் பாயில் உட்கார்ந்து எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பேதுரு வெளியே போய் அழுதான். அப்பா வீட்டுக்கு வந்து, அம்மா சுட்டு வைத்திருந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போனார்.

அந்த வாரம் அம்மா அப்பாவிடம் மூன்று நாலு தரம் பேசிப் பார்த்தாள். நான் கேட்டது ஒரு தடவைதான். "என் தம்பிங்க" என்றாள். அப்பா, சபை முழுக்க அவருக்காக ஜெபிக்கிறது என்றார்.

மாமா வீட்டுச் சாமான்கள் எவ்வளவு என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு தகரப் பெட்டி, இரண்டு சட்டி, ஒரு கம்பளி, குழந்தையின் தூளிச் சேலை. கொழுந்துக் கூடையைத் தோட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையை அத்தை மடித்து அம்மாவிடமே கொடுத்தாள். பீலிக்கரையில் பெண்கள் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "மதினி, ஒங்க வீட்டுக்காரர ஜெபத்துல எங்க பேரச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. தொரைகிட்ட சொல்ல வாய் வராத பேரு சாமிகிட்ட எதுக்கு" என்றாள் அத்தை. என் வயதுள்ள மாமா மகள் என்னைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தச் சட்டையை அம்மா என்ன செய்தாள் என்று தெரியவில்லை. பெட்டியிலும் இல்லை, துணிக்கொடியிலும் இல்லை.

அடுத்த தரம் போதகர் வந்தபோது, விழுந்துபோன ஒரு சகோதரனுக்காக ஜெபிப்போம் என்றார். அப்பா அவருக்கு என்ன சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. முதல் "ஆமென்" அப்பாவுடையது. நீங்களும் சொன்னீர்கள். அன்று அம்மா திருவிருந்துக்கு எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஆகவில்லை என்று அப்பா மற்றவர்களிடம் சொன்னார்.

நான் ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவின் முறைக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்; வேறெங்கும் இல்லாவிட்டாலும் எங்கள் மூன்று பேருக்கு முன்னால். மழையில் வந்த ஒருவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லவில்லை என்றார். ஆட்டை அடித்துவிட்டேன் என்றார். ஜெபத்தில் மனம் சிதறியது என்றார். அம்மா தன் முறை வந்தால் வாயைத் திறப்பதில்லை. கொஞ்ச நாளில் அப்பா முறையை மாற்றினார். இனிமேல் அவரவர் மனதுக்குள் சொன்னால் போதும், ஆண்டவருக்குக் கேட்கும் என்றார். தம்பிக்குச் சந்தோஷம். எனக்கு அன்றைக்குத்தான் எல்லாம் புரிந்தது. அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான் ஒன்றும் சொன்னதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மாமா இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லீவு கிடைத்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கோயிலுக்குப் போகிறீர்களா மாமா என்று கேட்டேன். "எந்தக் கோயிலுக்கும் போறதில்ல பாப்பா" என்றார். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட முடிவு செய்திருந்தார்கள். அத்தை தேத்தண்ணி வைத்தாள். அம்மாவிடம் பழைய வார்த்தை எதையும் பேசவில்லை. நாங்கள் எழுந்தபோது மாமா வாசல்வரை வந்தார்.

"மச்சான் வரலியா?"

அம்மா முழங்கால் வலி என்றாள்.

"கப்பல் ஏறுறதுக்குள்ள ஒருக்கா வரச்சொல்லுங்க. தொரை முன்னால வேணாம், சபை முன்னால வேணாம். 'நாந்தான் மச்சான்'னு என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் போயிருவேன்."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனாலும் மூப்பர் அவர்தான். கோயில் கூரைக்குப் புதுத் தகரம் போட்டதும் அவர் காலத்தில்தான்.

"அது சபை நன்மைக்காக எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவும்மா" என்றார்.

"எல்லாருமான்னா யாருங்கப்பா? காம்பராவுல நாங்க இருந்தோம். நீங்க சொன்னீங்க, மாமா கேட்டாரு."

"நான் அவர தெனம் ஜெபத்துல வச்சிருக்கேன். அதப் போய்ச் சொல்லு."

"அத நான் எப்படிக் கொண்டுபோறது? பஸ் காலையில இருக்கு. நீங்க வாங்க."

அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு, சரி என்றார். அம்மா அந்த வார்த்தையைக் கேட்டு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்திருந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டார். அம்மா மாமாவுக்கென்று கொஞ்சம் மாசிச் சம்பலைப் போத்தலில் போட்டு என் பையில் வைத்தாள். குறுக்குப் பாதையில் இறங்கும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். சிறு பிள்ளையில் நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அதே படிகள். அந்த நேரத்துக்கு நான் அவரை மன்னித்துவிட்டேன் என்றே சொல்லவேண்டும். மாமாவிடம் போய் அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது நான் வெளியே போய் நின்றுகொள்ள வேண்டும் என்றுகூட யோசித்துவைத்தேன்.

பஸ் நிற்கிற இடத்தில் நம் சபை ஆட்கள் நாலைந்து பேர் டவுனுக்குப் போக நின்றார்கள். புது உபதேசியார் இருந்தார். சின்ன வயது, அப்பா என்றால் அவருக்கு மரியாதை. கைகூப்பி, "கோட்டெல்லாம் போட்டு, மூப்பரையா எங்க பயணம்?" என்று கேட்டார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மச்சானைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதும். எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பயணம் ஒண்ணுமில்ல. மகள பஸ் ஏத்திவிட வந்தேன்" என்றார்.

ஹட்டன் பஸ் வந்து நின்றது. அப்பா என் பையை வாங்கி உள்ளே வைத்தார். பிள்ளையைப் பார்த்து இறக்கிவிடச் சொல்லி டிரைவரிடம் சொன்னார். சன்னலுக்கு வெளியே நின்று, "மச்சான விசாரிச்சேன்னு சொல்லு" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். என் பக்கத்து இடத்தில் அவருக்கென்று வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்து எத்தனை பேர் என்று கேட்டான்.

ஒருத்திதான் என்றேன்.